புளியந்தோப்பு 1921: பிளவுண்ட ஒரு வேலைநிறுத்தம்

வடசென்னையில் ஊழியம் செய்யும் ஆயர்களுக்குப் பழக்கமான வினா ஒன்று உண்டு. ஒரே துன்பத்திற்கு ஆளான மக்கள், போராட்டம் என்று வந்தவுடன் ஏன் இரு கூறாகப் பிரிகின்றனர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தை அடுத்த உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆலையை நிலையாக மூட வேண்டும் என்று மீனவ ஊர்கள் போராடின. மூடினால் அங்குக் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளியின் அடுப்பு அணையும் என்பதையும் அவ்வூர்களில் அறியாதார் இல்லை. இத்தகைய இக்கட்டைப் புரிந்துகொள்ள விரும்புவோர், ராயபுரத்திற்கு மேற்கே உள்ள பெரம்பூரின் பழைய வரலாற்றைக் கருத்தூன்றிப் படித்தல் நன்று.

பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தோன்றின. இரண்டையும் நடத்தியது பின்னி நிறுவனம். சாதி இந்துக்கள், இசுலாமியர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர் ஆகியோர் அங்கே ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். கூரைக்கு வெளியே குடியிருப்புகள் சாதிவாரியாகவே இருந்தன.

பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை ஒன்று இருந்தது. அதனை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளர் குறைகளைக் கேட்டு, அன்னி பெசண்ட் அம்மையாரின் தோழரான பி. பி. வாடியாவை அணுகினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார், வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ இதழாசிரியரான திரு. வி. கலியாணசுந்தரனார் துணைநின்றார். நண்பகல் உணவு இடைவேளையை அரை மணியிலிருந்து சற்றே நீட்டுவதுதான் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. பத்து நிமிடத்திற்காக ஒரு சங்கமா என்று இன்று தோன்றலாம். ஓடிச் சென்று உண்டு ஓடி வருபவனுக்கு அது சிறிதன்று.

சங்கம் பக்திச் சபையின் மடியில் பிறந்ததை வரலாற்றாசிரியர் சிலர் விரைந்து கடந்துவிடுவர். நாம் அவ்வாறு கடத்தற்கில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தனர்; சந்தாவும் செலுத்தினர். ஆனால் முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்தோர் பெரும்பாலும் சாதி இந்துக்களும் ஆலைக்கு வெளியிலிருந்து வந்த கற்றோருமே. இதனை யாரும் அன்று குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. எல்லாரும் தொழிலாளர் என்னும் சொல் போதுமென்று கருதினர்.

1920இன் இறுதியில் கதவடைப்பும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. வாடியா முதலியோர்மீது நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வழக்கு கைவிடப்பட்டது. வாடியா இயக்கத்தை விட்டு விலகினார். பல வாரம் கூலியின்றி இருந்த குடும்பங்கள் கடனோடு வேலைக்குத் திரும்பின. அக்கடன் தீருமுன்னரே மே மாதத்தில் கர்நாடிக் ஆலையில் மீண்டும் வேலை நின்றது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் தொழிலாளரும் வெளியேறினர்.

இம்முறை ஆதிதிராவிடருட் பெரும்பாலார் வெளியேறவில்லை. சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அமர்ந்த முதல் உறுப்பினரான எம். சி. ராஜா அவர்களை வேலைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். அவர்கள் ஆங்கில முதலாளிக்கு விலைபோயினர் என்று அன்றே பேசப்பட்டது. சில நூல்களில் இன்றும் அவ்வாறே காண்கிறோம். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. வேலைநிறுத்தத்தின் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. ஊரில் துண்டு நிலமோ, கடன்தரும் உறவினரோ உள்ளவன் மூன்று மாதம் தாங்குவான். சேரியை விட்டு நகரத்திற்கு வந்தவனுக்குத் திரும்பிச் செல்ல இருந்தது பண்ணையாளின் களம் மட்டுமே. ஆலைக்கூலி அவனுக்கு வருமானம் மட்டுமன்று, விடுதலையும் ஆயிற்று. அதனைப் பணயம் வைக்கும் முடிவை எடுத்த அவையில் அவனுக்குத் தக்க இடமில்லை. நிர்வாகம் இப்பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் அதனை உண்டாக்கியது நிர்வாகமன்று.

ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த வாரங்களில் இரு தரப்பிலும் தாக்குதல்கள் தொடர்ந்தன. காவலர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. வீடிழந்த ஆதிதிராவிடருக்கு அரசு முகாம்கள் அமைத்தது. உதவியது தொழில் ஆணையரின் துறை. இதில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அத்துறை முதன்மையாகத் தாழ்த்தப்பட்டோர் நலத்திற்காக இயங்கியது. ஆகவே அரசின் நாவில் தொழிலாளர் என்றால் ஆதிதிராவிடர். சங்கத்தின் நாவில் தொழிலாளர் என்றால் வேலைநிறுத்தம் செய்தோர். ஒரே சொல்லின்கீழ் இரு மக்கள் எதிரெதிரே நின்றனர்! அத்துறை ஆதிதிராவிடருக்குச் செல்லங் கொடுப்பதே கலகத்திற்குக் காரணம் என்று ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் குறைகூறினர். அக்கட்சியிலிருந்த ராஜாவின் மனம் கசந்தது. 1923இல் அவர் கட்சியை விட்டு நீங்கினார். மறுபுறம், ஆளுநர் வில்லிங்டன் திரு. வி. க.வை அழைத்து நாடுகடத்தப் போவதாக அச்சுறுத்தினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சங்கம் மீண்டும் எழுந்து நிற்க நெடுங்காலம் ஆயிற்று.

திரு. வி. க.வும் எம். சி. ராஜாவும் 1883ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். இருவரும் பயின்றது இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியில். மறைத்தொண்டர் தம் கல்விச்சாலையில் இரு சாராரையும் அருகருகே அமர்த்தினர். 1921இல் அவ்விருவரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது வரலாற்றாசிரியனின் வேலையன்று. ஆயினும் ஒரே வகுப்பறை தானாகவே தோழமையை ஆக்கிவிடும் என்னும் நம் மிஷன் காலத்து நம்பிக்கையை இச்செய்தி அசைத்துப் பார்க்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் உதவிக்காரர் நியமனத்திற்கே பிரசங்கத்தில் எடுத்தாள்கிறோம். அது ஓர் உட்பூசலின் பதிவுமாகும். அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடப்பட்டனர், முறுமுறுப்பு எழுந்தது. முறுமுறுத்தோரைச் சபையின் ஒற்றுமையைக் குலைப்பவரென அப்போஸ்தலர் கடியவில்லை. தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விளக்கவுரையாளர் சுட்டுவர். குறை கூறிய தரப்பின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது. பெரம்பூர்ச் சங்கத்தில் 1921க்கு முன் இத்தகையதொன்று நிகழவில்லை.

பம்பாயில் இதே சிக்கல் 1928இல் வெளிப்பட்டது. அறுந்த நூலை வாயால் உறிஞ்சித் தறிநாடாவில் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டைக் காரணங்காட்டித் தாழ்த்தப்பட்டோரை நெசவுப் பிரிவில் சேர்ப்பதில்லை. கூலி மிகுந்த பிரிவும் அதுவே. அத்தடை நீங்க வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிடில் தம் மக்கள் வேலைநிறுத்தத்தில் நில்லார் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் அரைமனத்தோடு இசைந்தனர். முதலாளியிடம் கேட்பதற்கு முன் தோழனிடம் கேட்க வேண்டியிருந்தது.

சங்கத்தின்மீது தொடுக்கப்பட்ட அந்த உயர்நீதிமன்ற வழக்கு, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் ஒன்று. நிர்வாகிகளுள் பாதிக்குக் குறையாதோர் அத்தொழிலில் உண்மையாகப் பணிபுரிவோராய் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அவர்கள் எந்தக் குடியிருப்புகளிலிருந்து வர வேண்டும் என்பது பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. வடசென்னைச் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் குருசேகரக் கூட்டக் குறிப்புகளிலும் 1921 மே முதல் அக்டோபர் வரையிலான பக்கங்களைப் புரட்டிப் பார்க்க நம் மாணவர் எவரேனும் முன்வருவாராயின், அவ்வாய்வுக்கு இவ்விதழில் இடமுண்டு.