ஸ்ரீரங்கம் ஏன் தீவு? ஒரு சரிவின் கதை

திருச்சி சத்திரத்துல பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனா காவிரிப் பாலம் வரும். அங்கிருந்து டோல்கேட் பக்கம் போனா கொள்ளிடம் பாலம். ரெண்டும் ஒரே ஆறுதான். முக்கொம்பில் பிரிகிறது. இடையில் இருக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு.

பாடப்புத்தகத்தில் துணையாறு, கிளையாறு என்று படிச்சிருப்பீங்க. வந்து சேர்வது துணையாறு. பிரிந்து போவது கிளையாறு. கொள்ளிடம் ஒரு கிளையாறு.

ஆனா பிரிந்த ரெண்டும் சமம் இல்லை. கொள்ளிடம் கடலுக்கு நேராக, சரிவாக ஓடுகிறது. தண்ணீர் எப்பவும் சரிவான பாதையைத்தானே தேடும்? அந்தப் பக்கம் வேகம் கூடி, படுகை ஆழமாகும். காவிரிப் பக்கம் வேகம் குறைந்து, மணலும் வண்டலும் படியும். படுகை மேடாகும். மேடானால் தண்ணீர் இன்னும் குறையும், இன்னும் படியும். இப்படியே விட்டால் காவிரி தூர்ந்துபோகும்.

அப்படி நடந்தா தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் கிடையாது. டெல்டாவின் வரலாறே இந்தச் சரிவோடு போட்ட மல்லுக்கட்டுதான்.

தீவின் கிழக்கு முனையில் ரெண்டு ஆறும் மறுபடி நெருங்கி வரும். அங்கே காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுப்பது கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது மரபு. மணலில் கல்லைப் போட்டு அடித்தளம் அமைக்கும் வித்தையை இங்கேதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு முனையில் சிக்கல் முற்றியது. காவிரி மேடேறிக்கொண்டே போனது. 1836-இல் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். பலன்? இப்போ காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் வர ஆரம்பித்தது. சில ஆண்டுகளிலேயே அணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆறு ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை பாருங்க.

அது 2018-இல் மறுபடி தெரிந்தது. மேட்டூர் நிரம்பி, வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த ஆகஸ்ட் மாதம். 22ஆம் தேதி இரவு மேலணையின் ஷட்டர்கள் உடைந்து விழ ஆரம்பித்தன. மொத்தம் ஒன்பது போயின. தண்ணீர் கொள்ளிடத்தில் கொட்டியது. மணல் மூட்டை அடுக்கித் தற்காலிகத் தடுப்பு போட்டார்கள். பிறகு புதுக் கதவணை கட்டப்பட்டது.

182 வருஷம் அந்த அணை நின்றது. சரிவு மட்டும் அங்கேயேதான் இருக்கு. அடுத்த தடவை ரெண்டு பாலத்தையும் கடக்கும்போது, எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் ஓடுதுன்னு பாருங்க. அந்தப் பங்கீட்டை இயற்கை மட்டும் செய்யவில்லை.