மோர்ஸ் கீயின் வால்

சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன கதை விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தந்தியும் அதே கல்கத்தா சரக்குதான். 1851-ல் அங்கிருந்து டயமண்ட் ஹார்பர் வரை கம்பி ஓடியது. தீக்குச்சி சிவகாசியில் தங்கிவிட்டது. தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆனால் மோர்ஸ் கீ சாகவில்லை. ஹாம் வானொலிக்காரர்கள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கீயின் வாலில் தொங்கும் பிளக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

தந்தி ஆபீஸ் கீக்குப் பிளக் தேவைப்படவில்லை. இரண்டு பித்தளைத் திருகு, அதில் முறுக்கிய கம்பி, அவ்வளவுதான். வருடக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். ஹாம்கள் அப்படியா? 1921-ல் அமரேந்திர சந்திர குப்து முதல் உரிமம் வாங்கிய நாளிலிருந்து இது செட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிற கூட்டம். கழற்றி மாட்ட வசதியாக அவர்கள் கைக்கு வந்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிளக். ஆபரேட்டர்கள் பலகையில் குத்தி எடுத்த அதே கால் அங்குல (6.35 மி.மீ.) குச்சி! கிடாரில் இருப்பதும் அதன் வாரிசுதான்.

இதில் உயிர் விஷயம் ஒன்று உண்டு. பழைய வால்வு செட்டுகள் சிலவற்றில் கீயைத் தூக்கியிருக்கும்போது அதன் இரு முனைகளுக்கிடையே நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கின் நுனியில் மின்சாரம், தடித்த உடல் பகுதி எர்த். கீயின் பித்தளைச் சட்டம் உடல் பகுதியோடு சேர வேண்டும். சால்டர் வைக்கும்போது இரண்டு ஒயரையும் மாற்றி வைத்துவிட்டால் சட்டமே ஷாக் அடிக்கும். மருந்து அறையில் பொறிக்குப் பயப்படும் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. டிரான்சிஸ்டர் வந்தபின் வோல்ட் குறைந்தது, பயமும் போனது.

அடுத்து வந்தது பேடில். புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று, பொதுவாக ஒன்று என மூன்று ஒயர். எனவே பிளக்கில் நடுவே ஒரு வளையம் கூடியது. பேடிலுக்கான ஜாக்கில் பழைய இரட்டை ஒயர் பிளக்கைச் செருகினால் வளையம் எர்த்தோடு ஒட்டி, செட் தானாகவே கோடு கோடாகக் கத்தும். புதியவர்கள் செட் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்!

பாக்கெட் டிரான்சிஸ்டர் ரேடியோக்களோடு பரவிய 3.5 மி.மீ. பிளக்கும் பிறகு நுழைந்தது. 2001-ல் வந்த யேசு எஃப்டி-817 கையடக்க செட், அதில் சின்ன ஓட்டை. 2016-ல் வந்த ஐகாம் ஐசி-7300 மேசை செட், அதில் இன்னும் பழைய பெரிய ஓட்டை. மேசைக்குப் பெரியதே மேல். கீயை இழுத்து இழுத்துத் தட்டும்போது சின்ன பிளக் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். இரண்டு செட்டும் வைத்திருப்பவர் கீயில் பெரிய பிளக்கைப் போட்டுக்கொண்டு, சின்ன ஓட்டைக்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.