பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

1904-ல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரி அது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி தந்தார். இசை வேளாளர் குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளான அந்தப் பெண், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். தேவதாசி முறை ஒழிப்பு, ஆதரவற்ற சிறுமிகளுக்கான அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் விட்டுச்சென்றவற்றின் பட்டியல் நீளமானது.

ஆனால் முத்துலட்சுமிக்குக் கல்லூரி முதல்வராக இருந்த தந்தை இருந்தார். மன்னரின் ஆதரவும் இருந்தது. அதே மண்ணில் கல்லுடைத்துப் பிழைத்தவர்களின் மகள்களுக்கு இரண்டுமே இல்லை. அவர்கள் வாசலுக்கு எழுத்து வந்துசேர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின.

1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வயலிலும் குவாரியிலும் உழைத்த பெண்கள் மாலையில் பாடம் படிக்க உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுத்த தொண்டர்களிலும் பெண்கள் ஏராளம். அவர்கள் ஊர் ஊராகப் போகவேண்டும். பேருந்தை நம்பினால் வேலை நடக்காது. அப்போதுதான் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது.

பெண் சைக்கிள் மிதிப்பதைக் கண்டு கேலி பேசினார்கள். நடத்தையைக் குறைசொன்னவர்களும் உண்டு. பெண்கள் அசரவில்லை. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள். கேரியரில் தண்ணீர்க் குடமோ சந்தைக்குப் போகும் விளைச்சலோ ஏறியது. கணவனோ அண்ணனோ வரட்டும் என்று காத்திருந்த வேலைகளை அவர்களே முடித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றிருந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார். கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டதும் இதே காலத்தில்தான். கணக்கைத் தானே படிக்கத் தெரிந்தவளிடம் கூலியைக் குறைத்துக் கொடுப்பது எளிதல்ல.

பள்ளிக்குப் போகும் சிறுமிகளுக்கும் தூரம்தான் தடை. ஏழைக் குடும்பம் பெண்ணைப் படிக்கவைக்க மறுப்பது மனம் இல்லாததால்தான் என்று சொல்வது அநியாயம். தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளியோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வயதுக்கு வந்த பெண்ணை ஆளில்லாத பாதையில் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கும் பயம் வரும். பேருந்துக் காசும் கையில் இருக்காது. படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் அரசின் கை நீளவேண்டும். தமிழகத்தில் 2001-02 கல்வியாண்டில் மேல்நிலை வகுப்பு படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கிடைத்தது. பிறகு அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் தரத் தொடங்கியது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் பலனைப் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சிறுமிகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். சேர்க்கையில் ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியிருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களில்தான் இந்த மாற்றம் அதிகம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய சிறுமிகளும், அதில் தேறியவர்களும் கூடினார்கள்.