மூளையைப் பார்த்துப் படித்த இயந்திரம்



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசுக்குள் இருக்கும் மூளையை ஆராய்வதில் கணிப்பொறி எவ்வாறு நுழைந்தது, அங்கிருந்து மருத்துவத்துக்கு எவ்வாறு வந்தது, அதனால் கமுந்திங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு என்ன நன்மை என்பதே இன்றைய பேச்சின் பொருள். முதலில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதுவரை மங்கும் உளியுமாக இருந்தவர்கள் குலை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் கைதேர்ந்தவர் ஒரு பெரியவர். பள்ளி விடுமுறையில் உதிரிப் பழம் பொறுக்கப் போகும் எங்களுக்கு, அண்ணாந்து பார்த்தபடியே "இது பழம்", "இது காய்" என்று சொல்லிக்கொண்டு போவார். "எப்படித் தாத்தா தெரியுது?" என்று கேட்டால், "பார்த்துக்கிட்டே வா, தானா தெரியும்" என்பார். நாங்களும் சொல்லிப் பார்ப்போம். தப்பாகச் சொன்னால் திருத்துவார். நூறு குலை, இருநூறு குலை பார்த்தபிறகு எங்கள் கண்ணுக்கும் அது பிடிபட்டது. என்ன விதியைக் கொண்டு கண்டுபிடித்தோம் என்று கேட்டால் எங்களுக்கும் சொல்லத் தெரியாது. இந்தப் பெரியவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் மீண்டும் அவரிடம் வருவோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராண்ட்கன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், நமக்குச் சில கட்டை தூரத்தில் இருக்கும் தைப்பிங் மருத்துவமனைக்கு எக்ஸ்ரே கருவி வந்து சேர்ந்தது. மலாயாவின் எக்ஸ்ரே வரலாறு நம் பக்கத்து ஊரில்தான் தொடங்குகிறது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தக் கருவியால் மூளையைக் காட்ட முடியவில்லை. எலும்பு பளிச்சென்று தெரியும். மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையோ மென்மையானது. எலும்பின் நிழலில் மறைந்துவிடும். இந்தத் தடையை நீக்கியது கணிப்பொறி. நம் வீடுகளில் சுழன்ற பழைய இசைத்தட்டுகளில் ஈ.எம்.ஐ. என்னும் பெயரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவர், தலையைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரால் அளந்து, அந்த அளவுகளையெல்லாம் கணிப்பொறியிடம் கொடுத்து, உள்ளே இருப்பதைக் கணக்கிட்டுப் படமாக்கினார். 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மூளைக்கட்டி இருப்பதாக ஐயுற்ற ஒரு பெண்மணிக்கு முதல் படம் எடுக்கப்பட்டது. இன்று நாம் சி.டி. ஸ்கேன் என்று சொல்வது அதுவே. அதன் கணித அடிப்படையைத் தனியே ஆராய்ந்த கார்மாக் என்பவரோடு அவருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது மூளையின் உருவத்தைக் காண உதவியது. மூளை எப்படி வேலை செய்கிறது என்பது வேறொரு கதை. நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மற்ற ஆயிரக்கணக்கான செல்களோடு செய்தி பரிமாறுகிறது. அந்தச் செய்தி நரம்பில் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர். அவர்கள் ஆராய்ந்தது நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்கும் கணவாயின் இனத்தை. அதன் உடலில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடித்த நரம்பு ஒன்று உண்டு. தம் சமன்பாடுகளைச் சரிபார்க்க அவர்களுக்குக் கணிப்பொறி தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த கணிப்பொறியோ அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி சலிக்கவில்லை. கையால் சுற்றும் கணக்கிடும் பொறியைப் பல வாரங்கள் சுற்றிச் சுற்றி, நொடியில் சிறு பகுதியே நீடிக்கும் ஒரு நரம்புத் துடிப்பைக் கணக்கிட்டு முடித்தார். 1952இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையைக் கணக்கால் விளக்கும் துறைக்கு அது இன்றும் அடித்தளமாக நிற்கிறது.

இதற்கு முன்பே, 1943இல், அமெரிக்காவில் மெக்கல்லக் என்னும் மருத்துவரும் இருபது வயதே ஆன பிட்ஸ் என்னும் இளைஞரும் வேறு வகையில் சிந்தித்திருந்தனர். நரம்புச் செல்லை மிக எளிமையாக்கி, வரும் செய்திகள் ஓர் அளவைத் தாண்டினால் "ஆம்", தாண்டாவிட்டால் "இல்லை" என்று சொல்லும் சிறு கணக்காக அதை எழுதினர். பிட்ஸ் பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்தவர் அல்லர்; நூலகத்தில் தாமே படித்து முன்னேறியவர். இதைக் கேட்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1958இல் ரோசன்பிளாட் என்னும் உளவியலார் அந்தச் சிறு கணக்குகளுக்குக் கற்கும் திறனைக் கொடுத்தார். அது எப்படி? எங்கள் பெரியவரின் முறையேதான். இயந்திரத்திடம் ஒரு படத்தைக் காட்டுவது, அதன் விடையைக் கேட்பது, விடை தவறானால் தவற்றுக்குக் காரணமான இணைப்புகளின் வலுவைக் கூட்டியோ குறைத்தோ திருத்துவது, பிறகு அடுத்த படத்தைக் காட்டுவது. "இது பழம், இது காய்" என்பதன்றி விதி எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. இயந்திரக் கற்றல் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் உள்ளுறை இவ்வளவே.

தொடக்கத்தில் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. 1969இல் மின்ஸ்கி, பாப்பர்ட் என்னும் இருவர், ஒரே அடுக்குள்ள இத்தகைய பொறியால் சில எளிய வேலைகளைக்கூடச் செய்ய இயலாது என்று கணிதத்தால் காட்டினர். ஆர்வம் தணிந்தது. ஆனால் மூளை ஆராய்ச்சியே மறுபடியும் வழிகாட்டியது. ஹூபெல், வீசல் என்னும் இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்து, பார்வைப் பகுதியில் உள்ள சில செல்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டைக் கண்டால்தான் விழிக்கின்றன என்று கண்டிருந்தனர். அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பின்பற்றி, 1980இல் ஜப்பானின் ஃபுகுஷிமா, முதல் அடுக்கு கோடுகளையும் அடுத்த அடுக்கு வடிவங்களையும் காணும் பல அடுக்குப் பொறியை அமைத்தார். 1986இல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் பல அடுக்குகளிலும் தவற்றைத் திருத்தும் முறையை விளக்கி எழுதினர். 2012இல் கனடாவின் டொராண்டோவில் ஹிண்டனும் அவர் மாணவர்களும் இம்முறையால் படங்களை இனங்காணும் போட்டியில் மற்றவர்களை வெகுவாக முந்தினர். 2024இல் இயற்பியல் நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் வழங்கப்பட்டது.

நேயர்களே, "இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். இனிமேல்தான் கதை மதுரைக்கு வருகிறது.

நம் கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது மூளையின் முன்பகுதியிலிருந்து புடைத்து வெளியே வந்து உருவாவது அது. ஆகவே விழித்திரை மூளையின் ஒரு பகுதியே. கத்தியின்றி நேரே பார்க்கக்கூடிய மூளைப் பகுதி என்று அதைச் சொல்லலாம். நீரிழிவு, அதாவது நம் தோட்டங்களில் இனிப்பு நீர் என்று சொல்லும் நோய், அந்தத் திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் மங்குவதில்லை. மங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். அங்கும் சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பிற இடங்களிலும் எடுத்த விழித்திரைப் படங்கள், அமெரிக்காவில் எடுத்த படங்களோடு சேர்ந்து, கூகுள் நிறுவனத்தின் கற்கும் இயந்திரத்துக்குப் பாடமாயின. மொத்தம் 1,28,175 படங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து விடை குறித்தார்கள். இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. 2019இல் இயந்திரம் மதுரையிலேயே நோயாளிகளைப் பார்க்கும் பணிக்கு வந்தது.

அது எவ்வளவு நம்பத்தக்கது? அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். அரவிந்தில், நோய் முற்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கண்களில் 100க்கு ஏறக்குறைய 89ஐ இயந்திரம் சரியாகக் கண்டது. பயிற்சி பெற்ற மனிதர்களுக்கு அது ஏறத்தாழ இணை. ஆயினும் மீதிப் பதினொன்றை அது தவறவிட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது.

வேறொரு பாடம் நம் அண்டை நாடான தாய்லாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கே 11 கிளினிக்குகளில் இதே இயந்திரத்தைப் பயன்படுத்திப் பார்த்து, 2020இல் முடிவை எழுதினார்கள். 1,838 படங்களில் 21 விழுக்காட்டை இயந்திரம் ஏற்க மறுத்துவிட்டது. அறை போதிய இருட்டாக இல்லை, படம் தெளிவாக இல்லை; சில இடங்களில் இணையமும் மெதுவாக இருந்தது. மறுக்கப்பட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு வேறொரு நாள் தொலைவில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் கூலியின் அருமை நமக்குத் தெரியும். கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அதை வைக்கும் இடமும் இயக்கும் தாதியும் அனுப்பும் வழியும் சரியாக இருந்தால்தான் ஏழைக்குப் பயன்படும்.

மூளை ஆராய்ச்சியிலும் தமிழகம் பின்தங்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. இறந்த பிறகு தானமாகக் கிடைத்த மூளைகளை மெல்லிய ஏடுகளாக வெட்டி, ஒவ்வோர் ஏட்டையும் செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து, கணிப்பொறியால் முழு மூளையாகக் கோத்துப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் அவர்கள், தாயின் வயிற்றில் 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து சிசுக்களின் மூளைகளை 5,132 ஏடுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்னும் பெயரில் எல்லா நாட்டு ஆராய்ச்சியாளரும் இலவசமாகக் காணும்படி வெளியிட்டார்கள். பிள்ளையின் மூளை எங்கே, எப்போது, எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அது எங்கே பிழைபடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள முடியும். இந்தக் கொடைக்குப் பின்னால் துயரத்தில் இருந்த பெற்றோரின் சம்மதம் இருக்கிறது.

இனி எங்கள் பெரியவரிடம் வருவோம். அவருக்கு இனிப்பு நீர் இருந்தது. மாத்திரை வாங்குவார், கண்ணைக் காட்டியதில்லை. "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்பார். ஒருநாள் குலை வெட்டும்போது பழத்தைக் காய் என்றும் காயைப் பழம் என்றும் சொன்னார். பிள்ளைகள் சிரித்தோம். விளையாடுகிறார் என்று நினைத்தோம். சில மாதங்களில் சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வந்தார். மருத்துவர் விழித்திரையைப் பார்த்தபோது காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான பேருக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கண்ணை, உரிய நேரத்தில் பார்க்க ஒருவரும் இல்லை. அன்று சிரித்ததை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்கேனும் இனிப்பு நீர் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். பல அரசாங்கக் கிளினிக்குகளில் அதற்கான காமிரா உண்டு. பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இயந்திரம் மந்திரத்தால் கற்கவில்லை. மனிதர் காட்டியதைத்தான் கற்றது. மதுரைக் கண்களைக் காட்டியதால் மதுரைக் கண்களை அறிந்தது. எவருடைய படங்கள் பாடத்தில் இல்லையோ, அவரிடம் அது தவறும் வாய்ப்பு அதிகம். அந்தப் பாடத்தைத் தயாரிப்பவர்களாகவும் தவற்றைத் திருத்துபவர்களாகவும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் வர வேண்டும். கணிதத்தையும் அறிவியலையும் பயந்து ஒதுக்காதீர்கள். தவறாகச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம், அதுதான் படிப்பு. எங்கள் பெரியவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.