வெயில் படாத மூலையா? மனோரஞ்சிதம் வைங்க... பாம்பு பயம் வேண்டாம்!

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளைப் பார்த்திருக்கீங்களா? குறுகலான வாசல், நீளமா உள்ளே போனா கொல்லை. அங்கே கிணற்றடியில் எப்பவும் நிழல். ‘இந்த மூலையில என்ன செடி வைக்கிறது?’ன்னு யோசிக்கிறவங்களுக்கு நம்ம மண்ணிலேயே பதில் இருக்கு: மனோரஞ்சிதம்.

எந்த ஊர்ச் செடி?

தென்னிந்தியாவும் இலங்கையும்தான் தாயகம். காட்டில் மர நிழலில் புதராகக் கிளம்பி, பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும். அதுக்கு உதவுறது பூக்காம்பில் இருக்கும் கொக்கி. சீத்தாப்பழத்துக்குச் சொந்தக்காரச் செடி. பூவுக்கு ஆறு தடித்த இதழ்கள்.

வாசத்தின் ரகசியம்

பூ முதலில் இலை நிறத்திலேயே ஒளிஞ்சிருக்கும். வாசமும் பெரிசா இருக்காது. மஞ்சளாக மாறும்போதுதான் பழுத்த பழ வாசம் தூக்கும். ‘எந்தப் பழத்தை நினைச்சு மோந்தாலும் அந்த வாசம் வரும்’னு பாட்டிகள் சொல்றது சும்மா இல்லை. பழங்களுக்கு மணம் தரும் எஸ்டர் வகை வேதிப்பொருள்கள் இந்தப் பூவிலும் இருக்கு. வண்டுகளை மகரந்தச் சேர்க்கைக்கு அழைக்கத்தான் இந்த ஏற்பாடு!

பாம்பு வருமா?

பலரும் இந்தச் செடியை வெட்டக் காரணமே இந்தப் பயம்தான். பூ வாசத்தைத் தேடிப் பாம்பு வராது. எலி, தவளையைத் தேடித்தான் வரும். அடர்ந்த எந்தப் புதரும் அதுக்கு ஒளிய இடம் கொடுக்கும். செடியின் அடிப்பகுதியைக் கவாத்து பண்ணி, சருகு சேராமல் பார்த்துக்கோங்க, போதும்.

எப்படி வளர்ப்பது?

* காலை வெயில் கொஞ்சம், மீதி நேரம் நிழல்னா நல்லது. முழு இருட்டில் பூ குறையும்.
* செம்மண், மணல், தொழு உரம் கலந்த மண். ஈரம் இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது.
* விதையிலும் வரும். பதியம் போட்ட கன்று சீக்கிரம் பூக்கும்.
* பால்கனின்னா பெரிய தொட்டி, ஏற ஒரு கொம்பு.

விருந்தாளி வருவார்!

கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகளோட பறக்கும் ‘டெய்ல்டு ஜே’ வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளில் மனோரஞ்சிதமும் ஒண்ணு. ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 25 ஏக்கரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு. அந்த ஊர்க்காரங்க வீட்டுக் கொல்லையும் ஒரு குட்டிப் பூங்காதான்.

பழைய வீடுகள் அபார்ட்மென்ட் ஆகும்போது கொல்லைச் செடிதான் முதல்ல போகுது. உங்க வீட்டில் பழைய மனோரஞ்சிதம் இருந்தா, இடிக்க ஆள் வர்றதுக்குச் சில மாசம் முன்னாடியே ஒரு கிளையில் பதியம் போட்டுடுங்க. புது வீட்டுக்கும் அதே வாசம் வரும்!