பிணியளவும் முகப்பருவும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்பதாகும். அதன்கண் உள்ள 949ஆம் குறள், மருத்துவன் நோயுற்றவன் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிச் செயற்படுதல் வேண்டும் என்கின்றது. நோயின் அளவாவது யாது? பரிமேலழகர் அதனைப் பல கூறாக விரிப்பர். தீர்வது, தீராதது, தீராவிடினும் தணிவது என்பது ஒன்று. தொடக்கம், நடு, முடிவு என்னும் நிலை மற்றொன்று. வன்மை மென்மை பிறிதொன்று. இப்பகுப்புப் பெருநோய்க்கே உரியது என்பார் உளர். எளியதென்று எண்ணப்படும் முகப்பருவிற்கும் அது பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

சித்த மருத்துவத்திலும் அளவு நோக்கும் நெறி உண்டு. முதற்கண் வேரும் தழையும். அவற்றிற்கு நோய் அடங்காவிடத்து, மெல்ல மெல்லப் பற்பமும் செந்தூரமும். வன்மருந்து முதலில் எடுக்கப்படுவதன்று.

இக்காலத் தோல் மருத்துவமும் இவ்வாறே செல்கின்றது. கரும்புள்ளி, வெண்புள்ளி, சிறு பரு என்னும் மென்னிலைக்குப் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலிய பூச்சுகளே போதும். பருக்கள் சிவந்து சீழ்கொண்டு பரவின், அவற்றோடு டாக்சிசைக்ளின் போன்ற உள்மருந்து சில திங்கள் தரப்படும். ஆழ்ந்த கட்டிகளாகி வடுச் செய்யும் வன்னிலைக்கு உரியது ஐசோட்ரெட்டினாயின். இஃது அமெரிக்காவில் 1982இல் ஒப்புதல் பெற்றது. கருவுற்றார் உண்பின் கருவிற்குப் பெருங்கேடு விளைப்பது. ஆதலின் நோயுற்றவர் அளவும் இங்கு நோக்கற்பாலது. காலமும் அவ்வாறே. எம்மருந்தாயினும் பயன் தெரியப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மருந்தை மாற்றுவோர் பயனை இழப்பர்.

திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் அமைந்தது. அதன் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து இதனை எழுதுகின்றோம். பெருநகரமாயினும் இத்தகைய ஊராயினும், இளையோர் இருவகையிற் பிழைபடுதல் உண்டு. சிலர் சிறு பருவிற்கும், முகம் வெளுக்கும் என்று நம்பி, ஸ்டீராய்டுக் களிம்பு பூசுவர். அது தோலை மெலிவிப்பதோடு புதுப் பருக்களையும் தோற்றுவிக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என நடுவணரசு 2018இல் விதித்தது. வேறு சிலர், கட்டிப் பருவையும் வயதின் இயல்பென்று விட்டுவிடுவர். வடு வாழ்நாள் முழுதும் நிற்கும். முன்னையது மிகை, பின்னையது குறை. இரண்டும் பிணியளவு அறியாமையின் விளைவே.

குறளுரையைத் தேர்வுக்கு மட்டும் பயிற்றாது, மாணவர்தம் முகத்திற்கும் அது பயன்படுமாறு உணர்த்துதல் தமிழாசிரியர் கடன் என்பது எம் கருத்தாகும்.