ஆடு, டயர், நாலு வருஷம்

போன எபிசோடில் காகிதம் ஒட்டிய கொலாஜ்கள் பற்றிப் பேசினோம். இன்னைக்கு ஒரு முழு ஆடு!

ராபர்ட் ரௌஷன்பர்க், நியூயார்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் பாடம் பண்ணிய அங்கோரா ஆட்டைப் பார்க்கிறார். விலை 35 டாலர். கையில் இருந்த 15-ஐக் கொடுத்துத் தூக்கிட்டு வந்துட்டார். அடிபட்ட மூக்கைப் பெயின்ட் அப்பி மறைத்தார்.

1955-ல் வேலை தொடங்குது. முதலில் ஆட்டைச் சுவர் ஓவியத்தோடு பொருத்தினார். சரிவரல, ஆடு ஓவியத்தையே முழுங்கிடுச்சு. அடுத்து அதன் வயிற்றைச் சுற்றி டயர் மாட்டி, உயரமான பலகை முன் நிறுத்தினார். அதுவும் ஒட்டல.

1958-ல் லியோ காஸ்டெல்லி கேலரியில் அவருடைய தனிக்காட்சி. சொந்தப் படுக்கையில் பெயின்ட் ஊற்றிச் செய்த 'பெட்' அங்கே இருந்தது; அதைக் காஸ்டெல்லியே வாங்கிக்கொண்டார். ஆட்டு வேலை அப்பவும் முடியல.

1959-ல்தான் வழி கிடைத்தது. ஓவியத்தைத் தரையில் கிடத்தி, சக்கரம் வைத்து, ஆட்டை மேலே ஏற்றினார். ஓவியமே மேய்ச்சல் நிலம் ஆயிடுச்சு. அதுதான் 'மோனோகிராம்'; இப்போ ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத்தில் நிக்குது.

ஓவியமா, சிற்பமா? அவர் வைத்த பெயர் 'காம்பைன்'. எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமை. கண்காட்சித் தேதி வந்துட்டுப் போகட்டும், ஆடு தன் இடத்தில் நிற்கும்வரை அவர் விடல.